ஆறு மாதம், ஓர் ஆறு

“டாக்டர், ஆற்றில் குளிக்கலாமா?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் இது என் காதில் விழுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. மருத்துவப் பணியிலிருந்து ஆறு மாதம் விலகி, கேமராவும் கையுமாகத் தாமிரபரணிக் கரையில் நான் நின்றதற்குக் காரணம் அந்தத் தாமதம்தான். நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் வாசிக்கும் இம்மடலில் அதை எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஏனெனில் எனக்கு நேர்ந்தது உங்களில் பலருக்கும் வீட்டில் நேர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

கேட்கப்படாத கேள்வி

நான் சிறுநீரக மருத்துவன். டயாலிசிஸ் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்; உள்ளே கட்டிலில் ஒருவர், வெளியே நாற்காலியில் ஒருவர். அப்படி வந்துகொண்டிருந்தவர்களுள் ஒரு தம்பதியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் இசைவு பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

கணவர் அறுபதைக் கடந்தவர். ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். சிகிச்சையின் தொடக்கத்தில் அவர் கழுத்தில் ஒரு குழாய் பொருத்தியிருந்தோம். அந்தக் குழாய் பெரிய இரத்தநாளத்திற்குள் நேரே செல்வது. அதன் வழியே கிருமி நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். அன்று அது சரியான அறிவுரை. சில மாதங்களில் இடக்கையில் ஃபிஸ்துலா அமைத்து, கழுத்துக் குழாயை அகற்றினோம். குழாயோடு அந்தத் தடையும் போயிருக்க வேண்டும். ஆனால் தடை நீங்கியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரோ, தடை ஆயுள் முழுவதற்கும் என்றே எண்ணிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு அவரைக் கொண்டுவந்தார்கள். தொடர்ந்து இரண்டு முறை டயாலிசிஸுக்கு வராததால் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அவசரமாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினோம். விடிந்தபின் நடைவழியில் அவர் மனைவியிடம், ஏன் வரவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“மூணு தடவை உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வாயெடுத்தாரு டாக்டர். நீங்க தாளைப் பாத்து, பொட்டாசியம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீங்க. ஆத்துல ஒரு முங்கு போட முடியாத உசுரு எதுக்குன்னு வீட்டுல படுத்துட்டாரு.”

என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. அந்த மனிதரின் உலர் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு அனைத்தும் எனக்கு மனப்பாடம். அவர் முகத்தைக் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தேன் என்பது மட்டும் நினைவில் இல்லை.

அன்று மாலை அவர் கட்டிலருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். டயாலிசிஸ் இல்லாத நாளில், ஊசி குத்திய இடம் நன்றாக மூடிக் காய்ந்திருந்தால், காய்ச்சலோ புண்ணோ இல்லாதபோது, துணைக்கு ஒருவரோடு, ஆழமில்லாத இடத்தில் குளிக்கலாம் என்றேன். இது அவருக்கு மட்டும் சொன்னது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு பெயர் உண்டு

என்னை நானே கவனிக்கத் தொடங்கினேன். உறங்கி எழுந்தாலும் களைப்பு தீரவில்லை. புறநோயாளிகளின் வரிசையைக் கண்டால் எரிச்சல் வந்தது. ஒருவர் குணமடைந்தாலும் மகிழ்ச்சி தோன்றவில்லை. மகள் தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினால், வீட்டின் கூரை கோணலாக இருப்பதே முதலில் என் கண்ணில் பட்டது. அதை வாய்விட்டும் சொன்னேன். அதன்பின் அவள் படம் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு, நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் ‘பர்ன்-அவுட்’ என்னும் பணிக்களைப்பை விளக்கியது. அதை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை; சமாளிக்கப்படாத நெடுநாள் பணியழுத்தத்தின் விளைவு என்றது. அதற்கு மூன்று கூறுகள்: ஆற்றல் வற்றிய களைப்பு, பணியிலிருந்து மனம் விலகிப்போதல், வேலையைச் சரிவரச் செய்ய முடியவில்லை என்னும் உணர்வு. மூன்றும் என்னிடம் இருந்தன.

அந்த வரையறை தொழில்முறைப் பணியைப் பற்றியது. ஆனால் நோயாளியைப் பராமரிக்கும் மனைவி, மகன், மருமகள் ஆகியோரின் களைப்பும் இதற்கு நெருங்கிய உறவே. அவர்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை. வார விடுமுறையும் இல்லை. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்று, வாழ்க்கைத்துணையைப் பராமரித்த முதியவர்களை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பராமரிப்பின் சுமையால் மன அழுத்தத்திற்கு உள்ளானவர்களிடையே இறப்பு விகிதம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அத்தகைய அழுத்தமின்றிப் பராமரித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. பராமரிப்பவரின் ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்காகச் சொல்கிறேன்.

விலகுவதும் ஒரு வேலை

ஆறு மாதம் ஊதியமில்லா விடுப்புக் கேட்டேன். சக மருத்துவர்கள் இருவர் என் நோயாளிகளைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தார்கள். என்னால் இது இயன்றதற்குக் காரணங்கள் உண்டு: மனைவிக்கு வேலை இருந்தது, ஓரளவு சேமிப்பு இருந்தது, வாங்க எண்ணியிருந்த காரைத் தள்ளிப்போட்டோம். எல்லோருக்கும் இந்த வாய்ப்பு இல்லை என்பதை அறிவேன்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தகவல் போனதும் தொலைபேசியில் கேட்டார்: “ஏன்யா, ஆஸ்பத்திரியில ஏதும் சொல்லிட்டாங்களா?” நானே விடுப்பு எடுத்தேன் என்று சொன்னதை அவர் நம்பவே ஒரு மாதம் ஆயிற்று.

நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லி விடைபெற்றேன். “எங்களை விட்டுட்டுப் போறீங்களா?” என்று ஓர் அம்மா கேட்டபோது குற்றவுணர்வு தாளவில்லை. பராமரிப்போர் ஒரு நாள் வெளியூர் செல்லவும் தயங்குவது ஏன் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

சக மருத்துவர்களுக்காக ஒப்படைப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். நோய், மருந்து, எடை, ஃபிஸ்துலாவின் நிலை எல்லாம் தடையின்றி வந்தன. ‘இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது’ என்று ஒரு பத்தியும் வைத்திருந்தேன். எண்பதுக்கு மேற்பட்ட பெயர்களுள் பாதிக்கு எதிரே அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. கடைசி இரு வாரங்கள் கட்டில் கட்டிலாகச் சென்று அதைக் கேட்டு நிரப்பினேன். ஒருவர் நாதஸ்வரக் கலைஞர். ஒருவருக்கு மகளோடு பத்து ஆண்டுகளாகப் பேச்சில்லை. ஒருவருக்கு ஊசியைவிட, கூடத்தின் குளிர்சாதனக் காற்றுதான் பெருந்துன்பம். அவர் கட்டிலை இடம் மாற்ற இரண்டு நிமிடம் ஆயிற்று. விடுப்பின் முதல் பலன், விடுப்பு தொடங்கும் முன்னரே கிடைத்துவிட்டது.

ஒரே படித்துறை

முதுநிலைப் படிப்புக் காலத்தில் வாங்கிய கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். ஒரு முக்காலியும் வாங்கினேன். பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணியைப் படம்பிடிப்பது என்று திட்டம். தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கும் ஆறு அது. நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். நாள்வாரியாக அட்டவணை போட்டு ஜூன் மாதம் புறப்பட்டேன்.

முதல் வாரத்தில் ஒரே நாளில் நானூறு படங்கள் எடுத்தேன். இரவு அவற்றைக் கணினியில் பெரிதாக்கிக் குறை தேடினேன். தொடுவானம் சாய்ந்திருக்கிறது, ஓரம் தெளிவில்லை, வானம் வெளுத்துவிட்டது என்று ஒவ்வொன்றாக அழித்தேன். நானூறில் ஒன்றும் மிஞ்சவில்லை. இடையிடையே டயாலிசிஸ் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, யாருக்கு என்ன அளவு என்று விசாரித்தேன். மூன்றாம் வாரம் சக மருத்துவர் சிரித்துக்கொண்டே, “நீங்க இன்னும் லீவுல போகவே இல்லை சார்” என்றார்.

எக்ஸ்ரே, ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் என்று இருபது ஆண்டுகளாக நான் பார்த்த படங்கள் அனைத்தும் குறை காண்பதற்காக எடுக்கப்பட்டவை. என் கண் அதற்கே பயிற்சி பெற்றிருந்தது. அந்தப் பயிற்சி உயிர் காக்கும்; அதில் ஐயமில்லை. ஆனால் கண் வேறு எதற்கும் பயன்படாமல் போயிருந்தது. அதே கண்ணோடுதான் மகளின் ஓவியத்தையும் பார்த்தேன், ஆற்றையும் பார்த்தேன்.

அட்டவணையைக் கைவிட்டேன். நெல்லை நகரின் குறுக்குத்துறைக்கு நாள்தோறும் விடியுமுன் போவது, ஒரே படியில் நிற்பது, நாளொன்றுக்குப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பன்னிரண்டே படம் என்றால் எதை எடுப்பது என்று பார்த்தபடி நிற்கத்தான் வேண்டும்.

முதலில் சலிப்பாக இருந்தது. சில நாட்கள் சென்றபின் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. கதிரவன் அடிவானில் இருக்கும்போது ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகிறது. நீலக் கூறு வழியிலேயே சிதறிவிட, செம்மையும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. இதைப் பள்ளியில் படித்திருந்தேன். ஆனால் அந்தச் செம்மை முதலில் கரையின் மருத மர உச்சியைத் தொட்டு, பிறகு கல்மண்டபத்தில் இறங்கி, கடைசியில் நீருக்கு வருவதை அங்கு நின்றபோதுதான் கண்டேன்.

கேமராவின் ஷட்டர் அரை விநாடி திறந்திருந்தால் ஓடும் நீர் வெண்பட்டு விரித்ததுபோல் படத்தில் விழும். விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு மட்டுமே திறந்திருந்தால் ஒவ்வொரு துளியும் அப்படியே உறைந்து நிற்கும். இரண்டும் அதே ஆறுதான். மாதம் ஒருமுறை நாம் எடுக்கும் இரத்தப் பரிசோதனை இரண்டாவது வகைப் படம். கூர்மையானது, தேவையானது, ஆனால் ஒரு கணத்தை மட்டுமே காட்டுவது. இரு பரிசோதனைகளுக்கு இடையில் ஒரு மனிதர் முப்பது நாள் வாழ்கிறார்.

ஆற்றின் வழியே

ஆடி மாதம் அலைச்சலின்றி மெல்லப் பயணம் தொடங்கினேன். பாபநாசத்தில் மேற்கே மலைமுகட்டைத் தாண்டி மேகம் வழிந்து இறங்குவதைப் பார்த்தபடி இரண்டு நாள் இருந்தேன். அங்குப் படித்துறையில் குளிப்போர் விட்டுச்சென்ற பழந்துணிகள் நீரில் மிதந்தன. அவற்றைத் தவிர்த்துப் படமெடுக்கக் கோணம் தேடியவன், பிறகு அவற்றையும் சேர்த்தே எடுத்தேன். குறை தேடாமல் பார்ப்பது என்றால் குறையை மறைப்பது என்று பொருளாகிவிடக் கூடாது. நோயுற்ற ஒருவரை நோயோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நோயை மட்டும் பார்த்துவிடாமலும் இருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று கார் பயிரின் பசுமையூடே ஆறு செல்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கு நின்றபோது தொழில்புத்தி எட்டிப் பார்த்தது. நலமான இரு சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் வெளியேற்றிவிட்டு, மற்றதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. அந்த எண்ணத்தை நான் விரட்டவில்லை. அணைக்கட்டின் மதகருகே நாரைகள் அசையாமல் நின்றன, நானும் நின்றேன்.

புன்னைக்காயலை அடைந்தபோது புரட்டாசி. கழிமுகத்தில் எது ஆறு, எது கடல் என்று கோடு கிழிக்க இயலவில்லை. மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று பன்னிரண்டில் மூன்று படங்கள்தான் எடுத்தேன். அந்த வாரம் முழுவதும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைக்கவில்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. இரவுகளில் உறக்கமும் வரத் தொடங்கியிருந்தது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. மீண்டும் குறுக்குத்துறைக்கு வந்தேன். அங்கு முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதை நெல்லைக்காரர்கள் அறிவார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவ மூர்த்தியையும் பொருள்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். ஆறு கோயிலை மூழ்கடித்துக்கொண்டு ஓடும். வடிந்தபின் சேறும் மணலும் அகற்றி, கழுவி, மறுபடியும் பூசை தொடங்கும். சிறுவயது முதல் எத்தனையோ முறை கண்ட காட்சிதான். அந்த ஆண்டு, பாதுகாப்பான மேட்டில் நின்று கேமரா வழியே அதைப் பார்த்தபோது வேறாகத் தெரிந்தது. வெள்ளம் வரும்போது ஒதுங்கியிருப்பதைக் கைவிட்டுப் போவதாக அங்கு யாரும் எண்ணுவதில்லை; திரும்பி வருவதற்கான ஏற்பாடாகவே கருதுகிறார்கள்.

கண் ஏன் இளைப்பாறுகிறது

இயற்கைக் காட்சி உடலுக்கு நன்மை செய்கிறதா என்பதை மருத்துவ உலகமும் ஆராய்ந்திருக்கிறது. ரோஜர் உல்ரிக் என்பவர் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்த 23 பேரையும், செங்கல் சுவரை மட்டும் காணும் அறையில் இருந்த 23 பேரையும் இணையிணையாக ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் சற்று விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது 46 பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும்.

ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்னும் உளவியல் அறிஞர்கள் 1989இல் ஒரு விளக்கம் தந்தார்கள். மருந்து நேரம், பரிசோதனைத் தேதி, கணக்கு வழக்கு ஆகியவற்றில் நாம் செலுத்தும் கவனம் முயன்று செலுத்துவது, அது தேய்ந்துபோகும். மேகம், நீர், இலையசைவு ஆகியவை முயற்சியின்றியே கவனத்தை மெல்ல ஈர்க்கின்றன. அந்நேரத்தில் முயன்று செலுத்தும் கவனம் இளைப்பாறி மீள்கிறது என்பது அவர்கள் கருத்து. என் அனுபவம் இதனோடு ஒத்துப்போகிறது. எனினும் நிலக்காட்சிப் புகைப்படம் எந்த நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.

திரும்பி வந்தபின்

டிசம்பரில் பணிக்குத் திரும்பினேன். ஆறு மாத ஓய்வு ஆறே வாரத்தில் கரைந்துபோகக்கூடும் என்பதை விரைவில் கண்டேன். வரிசை அப்படியே இருந்தது. தாள்களும் அப்படியே இருந்தன. எனவே சிலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. புறநோயாளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துக்கொண்டேன். அதனால் வருமானம் சற்றுக் குறைந்தது. வாரத்தில் ஒரு பிற்பகல் எனக்கென்று ஒதுக்கினேன்.

டயாலிசிஸ் கூடத்தில் இப்போது தாளை எடுக்குமுன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். “இந்த வாரம் எப்படிப் போச்சு?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆவதில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் நாங்கள் விதித்த தடைகளை எடுத்துப் பார்த்து, இன்னும் தேவையானவை எவை, நீக்க வேண்டியவை எவை என்று சரிபார்க்கிறோம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

உங்களுக்கு ஆறு மாதம் கிடைக்காது; ஆறு நாள் கிடைப்பதும் அரிது. எனவே கைக்கு எட்டுவதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வாரத்தில் ஒரு பொழுதையாவது வேறொருவரிடம் ஒப்படையுங்கள். “யாராவது உதவினால் நன்றாக இருக்கும்” என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். “புதன்கிழமை காலை நீ அழைத்துப் போ” என்று பெயர் சொல்லி, நாள் சொல்லிக் கேளுங்கள். மருந்துகள், உணவுக் கட்டுப்பாடு, அவசரத்திற்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நோயாளிக்கு எது பிடிக்கும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாளுக்கு இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைப் பாருங்கள். மொட்டைமாடியோ, வாசல் வேம்போ, காத்திருப்புக் கூடத்தின் சன்னலோ எதுவும் போதும். கையிலுள்ள கைபேசியே கேமரா. ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் எடுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். மாத முடிவில் முப்பது படங்களையும் வரிசையாகப் பாருங்கள். நோயாளியும் கட்டிலில் இருந்தபடியே இதைச் செய்யலாம்.

மூன்றாவது, உங்களுக்குச் சொல்லப்பட்ட தடைகளை எழுதிக்கொண்டு வந்து, “இவற்றுள் இன்னும் இருப்பவை எவை?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் தளர்த்திவிட வேண்டாம். கேட்கத் தயங்கவும் வேண்டாம். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தால், “டாக்டர், ஒரு கேள்வி இருக்கிறது” என்று சற்று உரக்கவே சொல்லுங்கள்.

நான்காவது, இரண்டு வாரத்திற்கு மேலாக மனம் இருண்டே கிடந்தால், உறக்கமும் பசியும் போய்விட்டால், வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், காட்சியும் கேமராவும் போதா. உடனே எங்களிடம் சொல்லுங்கள். அரசின் ‘டெலி மனஸ்’ மனநல உதவிச் சேவையையும் 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நான் பணிக்குத் திரும்பிய முதல் வாரம், வெளி நாற்காலியில் அந்த அம்மா வழக்கம்போல் அமர்ந்திருந்தார். புதன்கிழமைகளில் இப்போது கொழுந்தனார் துணைக்கு வருவதாகவும், அன்று தாம் நிறுத்திவைத்திருந்த தம் இரத்த அழுத்த மருந்தை மறுபடி வாங்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். பிறகு கைபேசியை நீட்டினார். நான் விடுப்பில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் எடுத்த படம். தொடுவானம் ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது. பாதிப் படத்தை அவர் விரல் மறைத்திருந்தது. நடுவே, கலங்கலாக, மார்பளவு நீரில் நின்று கூப்பிய கைகளோடு அவர் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.